வாயில்வரை இலவசக் கல்வி

“கட்டணம் இல்லை, ஆகவே கல்வி இலவசம்” என்னும் வாய்பாட்டை நம்மிற் பலர் சிறுவயது தொட்டே மனனஞ் செய்து வந்துள்ளோம். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை இந்நாட்டு மக்கள் பெற்றனர். அவ்வுரிமையை நான் சிறுமைப்படுத்த வரவில்லை. அஃது இல்லாதிருப்பின் என்போன்றோர் தமிழ்ப் பட்டதாரிகளாக வந்திருத்தல் இயலாது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. பல்கலைக்கழகத்தில் ‘இடம்’ என்பது யாது? விரிவுரை மண்டபத்தில் ஒரு நாற்காலி மாத்திரந்தானா? இரவிலே தலைசாய்க்க ஒரு கட்டிலும், படிக்க ஒரு மேசையும் விளக்கும் இல்லாதவனுக்கு அந்நாற்காலியால் விளையும் பயன் என்ன?

சாதாரண தரத்தில் என்னிடந் தமிழ் படித்த மாணவி ஒருத்தி பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவள். முகாமைத்துவம் பயிலத் தெரிவாகிப் போனாள். அவளது தெரிவைப் பாடசாலையே கொண்டாடியது. முதலாண்டில் விடுதியில் இடங் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் இல்லையென்றனர். முதலாண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முன்னுரிமை கொடுத்து, இடையாண்டினரை வெளியே அனுப்புவது நமது பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வழக்கமாகிவிட்டது. நான்கு மாணவியர் கூடி ஒரு வீட்டில் அறையொன்றை வாடகைக்கு எடுத்தனர். மூன்று மாத முற்பணம், பற்றுச்சீட்டு இல்லை. மின்விசிறிக்குத் தனிக் கட்டணம். மாலை ஆறரைக்கு வெளிக்கதவு பூட்டப்படும். நூலகமோ இரவு எட்டு மணிவரை திறந்திருந்தது. விடுமுறையில் வந்தவளிடம் படிப்பைப் பற்றி விசாரித்தேன்.

“அஞ்சு மணிக்கு மேல லைப்ரரில இருக்க ஏலாது சேர். பஸ் புடிச்சுப் போகணும். போட்டோ கொப்பி எடுக்கவும் காசு பத்தாது” என்றாள்.

அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலை கிடைக்கும் நாள்களுக்கே. 5,000 ரூபாவாக இருந்த மகாபொல உதவித்தொகையை 7,500 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவு 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. இவற்றைக் கூட்டி, அறை வாடகையையும் உணவையும் பஸ் கட்டணத்தையும் கழித்துப் பார்க்கும் கணக்கை வாசகரிடமே விடுகின்றேன். உங்களிற் பலர் ஆசிரியர்கள் அன்றோ!

இஃது ஒருத்தியின் துரதிர்ஷ்டம் அன்று. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு மாணவரைத் தெரிவு செய்யும்போது 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வி வசதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. பதுளை, நுவரெலியா, மொனறாகலை, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியன அத்தகைய மாவட்டங்களுட் சில. தொலைவில் இருப்போரையும் வசதி குன்றியோரையும் அழைத்துவரவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். நன்று. அழைத்துவந்த அரசு, வாயிலைத் தாண்டியதும், “எங்கே உறங்குவது என்பது உன் சொந்த விவகாரம்” என்று கூறுவது எவ்வகை நியாயம்?

ஒரு காலத்தில் இந்நாட்டில் எவரும் இவ்வாறு கூறவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் (சர்வகலாசாலை என்றே அன்று அதனை அழைத்தனர்) ஆயிரத்துக்கும் உட்பட்ட மாணவருடன் கொழும்பில் ஆரம்பமாயிற்று. அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் உடனுறைந்து கற்கும் கழகமாகவே அதனை அமைக்க விரும்பினார். 1952இல் பேராதனைக்கு அது குடிபெயர்ந்தபோது, மகாவலிக் கரையிலும் ஹந்தானை அடிவாரத்திலும் எழுந்த விடுதிகள் விரிவுரை மண்டபங்களுக்குச் சற்றுங் குறைந்தவையல்ல. அருணாசலம் மண்டபம், ஜயதிலக்க மண்டபம், சங்கமித்தை மண்டபம் என அவற்றுக்குப் பெயர்களும் கம்பீரமாகவே சூட்டப்பட்டன. அறையும், உணவுக் கூடமும், மாலைநேரத்து உரையாடலும் கல்வியின் அங்கங்கள் என்று அன்று வாதிட்டனர். அவ்வாதம் முற்றிலுஞ் சரியானது.

ஆனால் அன்று அம்மண்டபங்களில் வாழ்ந்தோர் யாவர்? மிகப் பெரும்பாலோர் ஆங்கிலக் கல்விபெற்ற குடும்பங்களின் பிள்ளைகள். 1960இல் சுயமொழி மூலங் கற்றோர் கலைப்பீடத்தினுள் முதன்முறையாகப் பிரவேசித்தனர். கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து ஏழை விவசாயியின் மகனும், சிறு உத்தியோகத்தரின் மகளும் வரத் தொடங்கினர். மாணவர் தொகை பெருகிற்று. விடுதிகள் அதற்கேற்பப் பெருகவில்லை. ஒருவருக்கும் இருவருக்கும் என வகுத்த அறைகளிற் பலர் திணிக்கப்பட்டனர்; எஞ்சியோர் வெளியே போயினர். சிலர் படித்த காலத்திற் கல்வியின் அங்கமாக இருந்த விடுதி, பலர் படிக்க வந்ததும் அரசு மனமிரங்கி வழங்கும் சலுகையாகிவிட்டது! பணமில்லை என்பது ஓரளவுக்கு உண்மைதான். ஆனாற் பணம் போதாதவிடத்து எதை முதலில் வெட்டுவது என்பதிலேதான் ஆளும் வர்க்கத்தின் மனம் வெளிப்படுகின்றது.

“தனியார் அறைகள் ஏராளம் உள்ளனவே” என்பர் சிலர். திருநெல்வேலியிலும் பேராதனைச் சுற்றுப்புறத்திலும் அவை உள்ளன. வீட்டுக்காரரைக் கொடியவராகச் சித்திரிப்பதும் என் நோக்கமன்று. 2022இன் விலையேற்றம் ஓய்வூதியத்தைத் தின்றுவிட, ஓர் அறையை வாடகைக்கு விட்டு மருந்து வாங்கும் முதிய ஆசிரியர்களை நானறிவேன். நிகழ்வது இதுதான்: அரசு கட்டாத விடுதியின் செலவை நொந்துபோன ஒரு குடும்பம் அதனினும் நொந்த இன்னொரு குடும்பத்திடமிருந்து அறவிடுகின்றது. என் மாணவ காலத்தில் நாங்கள் அறுவர் ஒரு வீட்டின் வாகனக் கொட்டிலில் இருந்தோம். மழை பெய்தால் கட்டில்களை நடுவே இழுத்துப் போடுவோம். அதனை இனிய நினைவாகக் கூறுவோர் இருக்கின்றனர். எனக்கு அஃது இனிக்கவில்லை. அறுவருள் ஒருவன் இரண்டாம் ஆண்டோடு ஊர் திரும்பினான்.

இன்னொரு வாதம் இதனினும் வலியது. “விடுதி பகிடிவதையின் கூடாரம், மூடிவிடுதலே மேல்” என்பது அது. இதற்கு நாம் முகங்கொடுத்தே ஆகவேண்டும். 1997இல் பேராதனையிற் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. அதன் பின்னரும் அக்கொடுமை ஒழியவில்லை. இங்கே நம்மவரும் குற்றவாளிகளே. ‘சமத்துவத்தைக் கற்பிக்கிறோம்’ என்று கூறிக்கொண்டு புதிய மாணவரை முழந்தாளிட வைத்தோருட் சிலர், மறுநாட் செங்கொடி பிடித்து ஊர்வலம் போனதை நான் கண்டிருக்கின்றேன். நாமோ ஒற்றுமை குலையும் என அஞ்சி வாய்மூடி இருந்தோம்.

ஆயினும் மூடுதல் பரிகாரமாகாது. நால்வருக்கான அறையில் எண்மர் இருக்கும்போது, யார் கட்டிலில் உறங்குவது, யார் தரையிற் கிடப்பது என்பதைத் தீர்மானிப்பவர் எவர்? விடுதிப் பொறுப்பாளர் அல்லர், மூத்த மாணவரே. அப்பற்றாக்குறை அவருக்கு அதிகாரம் வழங்குகின்றது. ஒவ்வொருவருக்கும் தன் பெயரிற் கட்டிலும், இரவிலுந் தங்கியிருக்கும் பொறுப்பாளரும் இருப்பின் அவ்வதிகாரத்தின் அடித்தளம் ஆட்டங்காணும்.

ஆகவே நாள்தோறும் சென்றுவர இயலாத தொலைவில் வீடுள்ள ஒவ்வொரு மாணவருக்கும், எல்லா ஆண்டுகளிலும், விடுதி வழங்குதல் வேண்டும். கட்டி முடியும்வரை, மகாபொலவோடு கலவாது, வாடகைப்படி தனியே கொடுக்கப்படல் வேண்டும். வெளி அறைகளைப் பல்கலைக்கழகம் பதிவு செய்து, முற்பணத்துக்கு எல்லை விதித்துப் பற்றுச்சீட்டைக் கட்டாயமாக்கலாம். நூலகம் மூடும் நேரத்தில் மாணவியர் தங்குமிடம் சேர ஒரு பஸ் விடுவதற்குப் பாராளுமன்றச் சட்டம் எதுவுந் தேவையில்லை.

சென்ற மாதம் எமது ஆசிரியர் சங்கக் கிளைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக முன்வைத்தேன். “அது மாணவர் விவகாரம், சேர்” என்று கூறி அடுத்த விடயத்துக்குச் சென்றுவிட்டனர். அடுத்த விடயம் எங்கள் சம்பள நிலுவை. அடுத்த கூட்டத்திலும் இதனை முன்வைப்பேன். இதனை வாசிக்கும் நண்பர்கள் தத்தம் கிளைகளிலும் முன்வைக்க வேண்டுகின்றேன்.