ஓடச் சொல்கிறீர்கள், மைதானம் எங்கே?

பள்ளிப் பிள்ளைகளின் உடல் எடை கூடுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஓர் அறிவுரையும் வருகிறது: செல்போனைக் கீழே வை, எழுந்து ஓடு. சரி, ஓடலாம். எங்கே ஓடுவது?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும், ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டுவதில்லை என்று அந்த நிறுவனத்தின் ஆய்வு 2019இல் சொன்னது. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85. உலகத்தில் ஐந்தில் நான்கு பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா?

நம் பள்ளிகளைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் மரத்தடியில் உட்கார வைக்கப்படுகிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் எந்தப் பெண் வியர்க்க விளையாட முன்வருவாள்?

பள்ளி விட்டு வந்தால் சேரியில் இரண்டு சென்ட் வீடும் சந்தும்தான். மைதானம் ஊருக்குள் இருக்கிறது. அங்கே நம் பையன் பேட்டோடு போனால் என்ன பேச்சு வரும் என்பது நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து அணி பிரியும் இடத்தில் பயமில்லாமல் யார் விளையாடுவது?

விளையாடி ஜெயித்தாலும் விடுவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் இந்தியா தோற்றதும் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று குடும்பம் போலீசில் புகார் கொடுக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். விடியற்காலையில் வேலைக்குப் போகும் அம்மா பிள்ளை கையில் கொடுக்க முடிவது ஐந்து ரூபாய் பாக்கெட். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. எடையும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் கூட இருக்கலாம். அந்த உடம்பைப் பார்த்து 'குண்டு' என்று சிரிப்பவர்கள் நம் தோழர்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அதை முதலில் நிறுத்துவோம்.

மைதானம் யாரும் போடும் பிச்சை அல்ல. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களைச் சாதியின் பேரால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. பொதுக் கிணற்றுக்கும் குளத்துக்கும் பொருந்துவது பொது மைதானத்துக்கும் பொருந்தும்.

தோழர்களே, உங்கள் ஒன்றியத்தில் எத்தனை உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பி.டி. பீரியடில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரைப் பேச வையுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் விளையாட இடமும் பந்தும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அடுத்த கிராமசபையில், ஊர் மைதானம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறிய அன்று சாயங்காலமே நம் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, அழைத்துக்கொண்டு போய் அங்கே விளையாடுவோம்.