உங்கள் புத்தகத்தின் கோப்பு யாரிடம் இருக்கிறது?

மலேசியத் தமிழ் மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும்: 'கணினித் தமிழில் உலகத்துக்கே முன்னோடிகள் நாம்.' பொய்யில்லை. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியது இங்கேதான். 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். தாராளமாகக் கைதட்டுவோம். தட்டி முடித்ததும் அரங்க வாசலில் விற்கிற கவிதைத் தொகுப்பையோ நாவலையோ கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஒரு வரியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே லாரி போகும் அளவு இடைவெளி. அடுத்த வரியில் எழுத்துகள் நெரிசல் பேருந்தில் நிற்பதுபோல நிற்கும். அத்தியாயத்தின் கடைசி அரைவரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் அநாதையாகத் தொங்கும்.

ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் நான் பார்த்த தமிழ் நூல் வடிவமைப்பு வேலைகளில் பாதிக்குமேல் இன்னும் பேஜ்மேக்கரில்தான் நடக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதையும் யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை.

அழகு கெடுவதைக்கூட மன்னித்துவிடலாம். என் கோபம் வேறொன்றின் மேல். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தமிழ் என்று ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. கணினியைப் பொறுத்தவரை உங்கள் நாவல் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை. தேட முடியாது, மின்னூலாக்க முடியாது, பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டாது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. நம் புத்தகங்கள் இன்னும் அங்கே குடிபோகவில்லை.

எங்கள் வட்டத்தில் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பை மறுபதிப்புச் செய்யக் கேட்டபோது, வடிவமைத்தவரிடமிருந்து வந்த பதில்: 'அந்த கம்ப்யூட்டர் செத்துப்போச்சு லா.' பத்து வருட எழுத்து. ஆசிரியரிடம் இருந்ததோ திருத்தத்துக்கு முந்தைய கைப்பிரதி. அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து மறுபடி முழுசாகத் தட்டச்சு செய்தோம். இது அவர் ஒருவருக்கு வந்த விபத்து என்று நினைக்க முடியவில்லை. எழுதுகிறவர் தன் எழுத்தின் கோப்பை அடுத்தவரிடம் அடகு வைத்தால் இப்படித்தான் முடியும்.

மாற்று இருக்கிறதா? நாற்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. 1977இல் டொனால்ட் குனூத் தன் கணினி நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த மெய்ப்பைப் பார்த்தார். ஈய அச்சை விட்டு ஒளி அச்சுக்கோப்புக்கு மாறியிருந்த காலம்; பக்கங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. பதிப்பகத்தைத் திட்டிக் கட்டுரை எழுதாமல், அச்சுக்கோப்பு மென்பொருளையே எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். இலவசமாகவும் கொடுத்துவிட்டார். லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லாடெக்கைக் கட்டினார். 2004இல் ஜொனதன் கியூ உருவாக்கிய ஸீடெக் யூனிகோடை நேராகப் படித்தது. தமிழுக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

டெக்கின் சிறப்பு ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாதாரண மென்பொருள் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டே போகும். டெக் முழுப் பத்தியையும் ஒன்றாகப் பார்த்து, எங்கெங்கே வரியை முறித்தால் மொத்தப் பத்தியும் சீராக வரும் என்று கணக்கிடும். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே சொல்லில் அரை வரியை விழுங்கும் மொழிக்கு இதைவிடத் தேவையானது என்ன? சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாதே. அதற்கான தமிழ்ச் சொற்பிரிப்பு விதிகளும் டெக்கோடு வருகின்றன. எழுதியவர் யார் தெரியுமா? சந்தோஷ் தோட்டிங்கல். கேரளத்துக்காரர். மலையாளக் கணிமைக்காகச் சேர்ந்த ஒரு தன்னார்வக் குழுவைச் சேர்ந்தவர். அதே குழு 'மீரா இனிமை' என்று தமிழுக்கு ஒரு கட்டற்ற எழுத்துருவும் கொடுத்திருக்கிறது. மூத்த மொழி, செம்மொழி என்று மைக் பிடிக்கும் நமக்கு மலையாளிகள் வரி முறித்துக் கொடுக்கிறார்கள். நன்றி சொல்வோம், கொஞ்சம் வெட்கமும் படுவோம்.

நிறுவுவது பெரிய வித்தையில்லை. லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி போதும். உபுண்டுவிலோ டெபியனிலோ முனையத்தைத் திறந்து, டெக் லைவ் தொகுப்பை நிறுவச் சொல்லி ஒரு வரிக் கட்டளை. முழுத் தொகுப்பு பல ஜிகாபைட் பிடிக்கும் என்பதால் ஸீடெக் பகுதியையும் மொழிப் பகுதியையும் மட்டும் எடுக்கலாம். மொழிப் பகுதியில் தமிழைத் தேடாதீர்கள். சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் கொரியனுக்கும் தனித்தனித் தொகுப்புகள் உண்டு. தமிழ் இருப்பது 'பிற மொழிகள்' என்ற மூட்டையில். பிறகு நோட்டோ செரிஃப் தமிழ் போல ஒரு கட்டற்ற எழுத்துரு. கோப்பின் தலையில் மொழி தமிழ், வரிவடிவம் தமிழ் என்று இரண்டு வரி. ஸீடெக்குக்குப் பதில் லுவாடெக் பிடித்திருந்தால், ஹார்ப்பஸ் இணைந்த 2020க்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள். இல்லையென்றால் கொம்புகள் இடம் மாறி நின்று மானத்தை வாங்கும். ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை. பிழைச்செய்திகள் மிரட்டும். புதுக்கவிதையே படித்துப் புரிந்துகொள்கிறவர்கள் நாம், இதற்கா பயப்படுவது?

இங்கேதான் பெரியவர்கள் குறுக்கிடுவார்கள். 'எழுத்தாளனுக்கு எதுக்கு இதெல்லாம்? அவன் வேலை எழுதுறது.' ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவரிடம் போய் யாராவது இதைச் சொல்லியிருக்க முடியுமா? பாடம் சரியாக இருக்க வேண்டுமென்றால் அச்சு தன் கையில் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கடல் தாண்டினார். நம்மைக் கேட்பது ஒரு கட்டளை தட்டச்சு செய்யத்தான்.

'இன்டிசைன் இருக்கே?' என்பது அடுத்தது. இருக்கிறது. 2012க்குப் பிறகு இந்திய எழுத்துகளையும் அது ஒழுங்காகக் கையாள்கிறது. படங்கள் நிறைந்த சிறுவர் நூலுக்கும் இதழின் அட்டைக்கும் அதுபோன்ற கருவிதான் வசதி. டெக்கை வைத்து அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் அது மாத வாடகை வீடு. சந்தாவை நிறுத்தினால் உங்கள் கோப்பையே திறந்து திருத்த முடியாது. முன்னூறு பிரதி விற்கத் திணறும் சிற்றிதழ்க்காரர் எத்தனை மாதம் வாடகை கட்டுவார்? சுட்டித்தான் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. அதுவும் இலவசம், 1.6 பதிப்பில் தமிழும் ஒழுங்காக வருகிறது.

டெக் கோப்பு வெறும் உரைக் கோப்பு. எந்தக் கணினியிலும் திறக்கும். மென்பொருளே அழிந்தாலும் நாவல் மிஞ்சும். மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998இல் தொடங்கிய அந்தத் தன்னார்வலர்கள் ஆரம்பத்தில் யூனிகோடில் வேலை செய்யவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பொதுக் குறியாக்கத்தைப் பின்பற்றியதால் சங்க இலக்கியத்தைப் பின்னால் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இரண்டாயிரம் வருடப் பாடல்கள் பத்திரம். 2009இல் ஜொகூரில் வந்த உங்கள் கவிதைத் தொகுப்பு?

எல்லோரும் டெக் கற்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் கற்றால் போதும். ஆனால் அடுத்த புத்தகத்துக்கு ஒப்பந்தம் பேசும்போது எல்லோரும் ஒன்றைக் கேட்கலாம்: இறுதித் திருத்தம் முடிந்த உரை, யூனிகோடில், என் கையில். தரமாட்டேன் என்பவரிடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பரிசுப் போட்டி நடத்தும் அமைப்புகளும் மானியம் தரும் அமைப்புகளும் இதையே நிபந்தனையாக வைக்கட்டும். முன்னோடிகள் என்று நம்மை அழைத்துக்கொள்ள அதற்குப் பிறகு ஒரு காரணமாவது இருக்கும்.