உளியும் உலையும்

ஒரு கைத்தொழில் செழிக்கிறதா, நலிகிறதா என்பதைக் கண்காட்சியில் அறிய முடியாது. தொழிலாளியின் அடுப்பங்கரையில்தான் அறிய முடியும். மாமல்லபுரத்துச் சிற்பத் தொழிலுக்குக் கீர்த்தியில் குறைவில்லை. அவ்வூர்ப் பல்லவர் சின்னங்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. 2017-ல் அவ்வூர்க் கற்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் கீர்த்தியைக் கொண்டு உலை வைக்க இயலுமா?

சிற்பியின் மகன் சிற்பியாகத்தான் வேண்டுமா என்பது பழைய விவாதம். 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டம், குலக்கல்வி என்ற கண்டனத்திற்கு ஆளாகி மறு வருஷமே கைவிடப்பட்டது. மத்திய சர்க்கார் 2023-ல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் மீதும் அதே ஆட்சேபம் எழுந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கூடாது, குறைந்தபட்ச வயது 18 என்பதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் கோரியது. பின்னர் 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கியது.

பிறப்பைத் தொழிலுக்கு வாயிலாக வைக்கலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பிறப்பின் கட்டாயத்தை நீக்கிவிட்டு, விருப்பத்தோடு உளி பிடித்தவனை வறுமை துரத்தும்படி விடுவதும் சுதந்திரமாகாது. கல்வியும் கைத்தொழிலும் பகையல்ல. கன்னியாகுமரியில் 2000-ம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி, கணிதம் பயின்ற பட்டதாரி. மாமல்லபுரத்தில் 1957-ல் பயிற்சிப் பள்ளியாகத் தோன்றிய சிற்ப ஸ்தாபனம், பின்னர் பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்தது. கற்கும் வழி உண்டு. கற்றபின் வாழும் வழி எங்கே?

திருப்பணிக்குரிய பெரிய சிலை பல மாத உழைப்பைக் கேட்கும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமுமோ காத்திருப்பதில்லை. ஆகவே தேர்ந்த கையும், கடற்கரைக்கு வருவோர் வாங்கும் சிறு பொம்மைகளுக்கு இறங்கி வருகிறது. இதைச் சிற்பியின் குற்றம் என்பது அநியாயம். சிலை செய்விக்கும் கோயில்களும் தனவந்தர்களும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வேலை நடக்க நடக்கத் தவணை முறையில் பணம் கொடுப்பார்களானால், கலையையும் குடும்பத்தையும் ஒன்றுக்கொன்று பலியிட வேண்டியதில்லை.

மற்றொன்று உயிரைப் பற்றியது. மின்யந்திரத்தால் கருங்கல்லை அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து, தீராத சிலிக்கோசிஸ் நோயை விளைவிக்கும். பட்டறை வீட்டை ஒட்டியிருந்தால் குழந்தைகளும் அதையே சுவாசிப்பார்கள். நீர் விட்டு அறுக்கும் சாதனமும், தூளை உறிஞ்சும் கருவியும், தக்க முகக்கவசமும் இன்றி யந்திரத்திற்கு மாத்திரம் கடன் கொடுப்பது உதவியாகாது.

வாங்குவோராகிய நமக்கும் கடமை உண்டு. கடற்கரைக் கோயிலைக் கண்டு வியந்தவர்கள், வெளியே வந்ததும் கையால் செதுக்கிய பிள்ளையாரைப் பாதி விலைக்குக் கேட்பது எவ்வகை நியாயம்? கைவேலை எது, யந்திர வேலை எது என்று கேட்டறிந்து, கைவேலைக்கு உரிய விலை கொடுப்போமாக. பல்லவர் செதுக்கிய கல்லைக் காக்கச் சட்டம் செய்த நாடு, இன்று செதுக்கும் கையைக் கைவிடலாகாது.