நோயாளியை ஒப்புவிக்கும் தர்மம்

நேமத்தான்பட்டி முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பர்மாவுக்குத் தொழில் செய்யச் சென்ற மேலாட்கள், மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்புமுன், அடுத்து வந்தவரிடம் கணக்கை ஒப்புவித்தே கப்பலேறினர். திரவியத்துக்குக் காட்டிய அந்தச் சிரத்தை பிராணனுக்கும் உரியதன்றோ?

நம் நாட்டு மருத்துவப் பயிற்சிக்கான 2021-ஆம் ஆண்டின் விதிப்படி, பயிற்சி மருத்துவர் 12 மாத காலத்துள் பொது மருத்துவத்தில் 6 வாரம், குழந்தை நலத்தில் 3 வாரம், எலும்புப் பிரிவில் 2 வாரம் என மாறிக்கொண்டேயிருக்கிறார். கல்விக்கு இது அவசியமே. ஆயின், மருத்துவர் மாறினாலும் நோயாளி அதே கட்டிலில்தான் கிடக்கிறார். பெனிசிலின் ஒவ்வாதென்பதும், மாலையில் வரவேண்டிய இரத்தப் பரிசோதனை முடிவும், இரவில் சிறுநீர் குறைந்தால் செய்யவேண்டியதும் பழையவரின் ஞாபகத்தோடு வார்டை விட்டுப் போய்விடின், அபாயம் நோயாளிக்கே.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 மருத்துவமனைகளில், ஒப்படைப்புக்கென ஒரு திட்டமான முறையைக் குழந்தை மருத்துவப் பயிற்சியாளர்களுக்குக் கற்பித்தபின், மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதனால் ஒப்படைப்பு நேரமும் கூடிவிடவில்லை.

ஆதலின், சிவகங்கை உள்ளிட்ட நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும், பிரிவு மாறும் நாளன்று மூத்த மருத்துவர் முன்னிலையில், கட்டில் கட்டிலாக நின்று, எழுத்தாலும் வாய்மொழியாலும் ஒப்புவித்து, புதியவர் அதைத் திருப்பிச் சொன்ன பின்னரே பழையவர் விடைபெற வேண்டுமென அரசு விதி செய்க.