மலைப்பாதையில் பழைய கார்: முதலில் எதை மாற்றுவது?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் சாலை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ளது. இந்தத் தூரத்துக்குள் ஒரு வண்டி சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. அம்பாசிடரும் பத்மினியும் நம் சாலைகளை ஆண்ட காலத்தில், வெள்ளி அருவிக்கு அருகே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரேடியேட்டரில் ஆவி பறக்க நிற்கும் கார்கள் சாதாரணக் காட்சி. பத்மினியின் உற்பத்தி முன்பே நின்றுவிட்டது. அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆனாலும் தாத்தாவின் காரையோ, மலிவாகக் கிடைத்த பழைய காரையோ சீராக்கி மலையேற விரும்பும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்களில் சிலருடைய அண்ணன்மாரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

இவர்களில் பலர் மெக்கானிக்கிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வண்டி இழுக்கவில்லை. பெரிய கார்புரேட்டர் போடலாமா? சைலன்சரை மாற்றலாமா? ஹெட்டைச் செதுக்கிக் கம்ப்ரஷனைக் கூட்டலாமா?" இந்தக் கேள்விகள் தவறானவை அல்ல. ஆனால் இவை ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் கேட்டால் பணமும் போகும். மலைப்பாதையில் உயிருக்கும் ஆபத்து வரலாம். எஞ்சினின் திறனைக் கூட்டுவதில் எதைச் செய்வது என்பதைவிட, எந்த வரிசையில் செய்வது என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை உயர்நிலைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே காண்போம்.

எவ்வளவு திறன் வேண்டும்?

ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய அம்பாசிடரின் மொத்த நிறை ஏறத்தாழ 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். சாலை 12 மீட்டர் முன்னேறும்போது 1 மீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல ஏற்றம்தான். பாதையின் சராசரி ஏற்றம் இதில் பாதிகூட இல்லை. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 8.3 மீட்டர்.

புவியீர்ப்புக்கு எதிராக ஏறுவதற்கான திறன்: 1,500 × 9.8 × 8.3 ÷ 12. விடை சுமார் 10,200 வாட். டயர்களின் உருளுராய்வுக்கு இன்னும் ஏறத்தாழ 1,800 வாட் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12,000 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே தேவை சுமார் 16 குதிரைத்திறன்.

அம்பாசிடரின் 1,489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் புதிதாக இருந்தபோது தந்தது ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பத்மினியின் சிறிய எஞ்சின் தந்தது ஏறத்தாழ 40. உயரே போகப் போகக் காற்று மெலிவதால் இது குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். எனவே 50 என்பது 40 ஆகிறது. அதுவும் எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போதுதான் கிடைக்கும். இரண்டாவது கியரில் நடைமுறையில் கிடைப்பது இன்னும் சற்றுக் குறைவு. அப்படியிருந்தும் தேவைப்படும் 16-ஐவிட அது மிக அதிகம்.

அப்படியானால் வண்டி ஏன் இழுக்கவில்லை? எஞ்சின் சிறியதாக இருப்பதால் அல்ல. தன்னிடம் இருந்த திறனை அது இழந்துவிட்டதால்தான். இழந்ததை மீட்பது வேறு, இல்லாததைச் சேர்ப்பது வேறு. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய வாளியில் நீர் மொண்டு ஊற்றுவதில் பயனில்லை.

முதல் படி: அளவெடுத்தல்

1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியியலாளர் ஒரு விமான எஞ்சினைச் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். மெலிந்த காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ கருவியைச் சோதிப்பதே நோக்கம். அந்த எஞ்சின் சமவெளியில் 350 குதிரைத்திறன் தந்தது. மலையுச்சியில் கருவி இல்லாமல் 230 தந்தது. கருவியுடன் 356 தந்தது. இந்த மூன்று எண்களில் முதல் இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவதற்குப் பொருளே இல்லை.

நம் பழைய காருக்கும் இதே விதிதான். எதையும் கழற்றுவதற்கு முன் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளவியால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிளக்குகளின் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கரி படிந்த கறுப்பு வேறு செய்தி சொல்லும், வெளிறிய வெண்மை வேறு செய்தி சொல்லும். குறிப்பிட்ட இரண்டு மைல்கற்களுக்கு இடையே, அதே சுமையுடன் ஏற எத்தனை நிமிடமாகிறது, எவ்வளவு பெட்ரோல் செலவாகிறது என்றும் குறிக்க வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கார்புரேட்டர், பிளக், சைலன்சர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "வண்டி பறக்கிறது" என்றால், எது பறக்க வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் படி: நிறுத்தும் திறன்

கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது அந்த 1,500 கிலோகிராம் வண்டி இழக்கும் நிலையாற்றல் 1,500 × 9.8 × 1,800. இது ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் ஜூல். சுமார் 80 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்றப் போதுமான ஆற்றல். ஒரு பகுதியை உருளுராய்வும் காற்றின் தடையும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் ஏற்க வேண்டும். ஓட்டுநர் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும்.

பழைய கார்களில் இருந்தவை டிரம் பிரேக்குகள். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். பல ஆண்டுகள் மாற்றாத பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதன் கொதிநிலை தாழ்ந்துபோகும். ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றினால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. திரவத்தை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே அது உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேகத்தை 30-இலிருந்து 60 ஆக்கினால் இயக்க ஆற்றல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்காகும். எஞ்சினுக்குத் திறன் சேர்ப்பது என்றால் பிரேக்குக்கு வேலை சேர்ப்பது என்றே பொருள். எனவே லைனிங், டிரம், பிரேக் ஆயில், டயர், ஸ்டியரிங் ஆகியவற்றுக்குச் செலவழித்த பிறகே எஞ்சினைத் தொட வேண்டும்.

மூன்றாம் படி: குளிர்விப்பு

எஞ்சின் சக்கரத்துக்குத் தரும் ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் ரேடியேட்டர் நீருக்குப் போகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். நாம் கணக்கிட்ட ஏற்றத்தில் அது 12 கிலோவாட். ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் பன்னிரண்டைத் தண்ணீரில் போட்டதற்குச் சமம். வண்டியோ மெதுவாகப் போகிறது, எதிர்க்காற்று குறைவு. போதாக்குறைக்கு, கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. அது ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துகிறது. அதன் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், மலைமேல் நீர் சீக்கிரமே பொங்கிவிடும். உப்புப் படிந்து அடைத்த குழாய்களைச் சுத்தம் செய்வதும், மூடியையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றுவதும் சிறு செலவுகள். இவற்றைச் செய்யாமல் திறனைக் கூட்டினால் முன்பு வெள்ளி அருவி வரை வந்து கொதித்த வண்டி, இப்போது அதற்கு முன்பே கொதிக்கும்.

நான்காம் படி: இழந்ததை மீட்டல்

வால்வு இடைவெளி, பிளக், பாயிண்ட், டைமிங், காற்று வடிகட்டி இவையெல்லாம் ஒரு நாள் வேலை. கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்திருந்தால் வால்வோ ரிங்கோ கசிகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் பெரிய கார்புரேட்டர் வைத்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும்; தேய்மானம் இன்னும் கூடும். என் அனுபவத்தில், இந்தப் படி முடிந்ததும் பெரும்பாலோர் ஐந்தாம் படியைக் கேட்பதே இல்லை. வண்டி இழுக்கத் தொடங்கிவிடும்.

ஐந்தாம் படி: கூட்டுதல்

இன்னும் ஆசை இருந்தால் இங்கே தொடங்கலாம். இதற்குள்ளும் வரிசை உண்டு. காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் முதலில். ஹெட், கேம் தண்டு, கம்ப்ரஷன் அடுத்து. ஜெட்டும் டைமிங்கும் கடைசியில். ஏனெனில் முன்னே செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கலவையை மாற்றுகிறது. ஜெட்டை முதலில் பொருத்தினால் மீண்டும் மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும்.

மலையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கார்புரேட்டரின் தொண்டையில் ஒரே அழுத்த வேறுபாட்டில் பாயும் பொருளின் நிறை, அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பெட்ரோலின் அடர்த்தி மலையில் மாறுவதில்லை. காற்றின் அடர்த்தி 0.8 ஆகிறது. 0.8-இன் வர்க்கமூலம் சுமார் 0.89. ஆகவே சமவெளியில் சரியாக இருந்த கலவை கொடைக்கானலில் ஏறத்தாழ 12 சதவீதம் பெட்ரோல் மிகுந்ததாகிறது, கரும்புகை வருகிறது. இதைப் பார்த்துக் கொடைக்கானலிலேயே சிறிய ஜெட் போட்டுவிட்டால், வத்தலக்குண்டுக்கு இறங்கியதும் கலவை மெலிந்து, வால்வுகள் கருகும். கம்ப்ரஷனும் அப்படியே: மெலிந்த காற்றில் அமைதியாக ஓடும் எஞ்சின் சமவெளியில் தட்டுச் சத்தம் போடும். நாம் கண்ட 16 குதிரைத்திறன் கணக்குப்படி, சமவெளிக்குச் சரியான ஜெட்டே போதும் என்பேன்.

2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருப்பதையும் மறக்கக்கூடாது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் அது சிதைக்கக்கூடும். குழாய்களை மாற்றுவது இரண்டாம் படியோடு சேர வேண்டிய வேலை. பெட்ரோல் கசிந்தால் தீ!

"சோழவரம் விமானத் தளத்தில் அந்நாளில் பந்தயம் ஓட்டியவர்கள் எஞ்சினைத்தானே மாற்றினார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது தட்டையான தரை. பந்தயம் முடிந்தால் எஞ்சினைப் பிரித்து வைப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இடமே இல்லை. பயன்படுத்த முடியாத திறனுக்குப் பணம் கொடுப்பானேன்? தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டம்போல் மாற்ற 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இடம் தருவதில்லை.

ஏறும் வண்டி இழுக்காவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும் வண்டி நிற்காவிட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வேறுபாடே வரிசையைத் தீர்மானிக்கிறது.

மாணவர்களே, உங்களிடம் கார் இல்லாமல் இருக்கலாம், சைக்கிள் இருக்கும். அதில் இதைச் செய்து பாருங்கள். ஒரு மேட்டில் ஏற ஆகும் நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி எழுதுங்கள். முதலில் பிரேக் கட்டையைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு நாள் டயருக்குக் காற்றடியுங்கள், அளந்து பாருங்கள். மறுநாள் சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள். எது எவ்வளவு உதவியது என்பதை உங்கள் நோட்டே சொல்லும்.