செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார் வாங்கப் போறீங்களா? பிராண்டுக்கு முன்னாடி நெக்கைப் பாருங்க!

2024 பிப்ரவரியில் ஒரு பழைய பேஸ் கிட்டார் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் 500/1 பேஸ் அது. 1972 அக்டோபரில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில், ஒரு வேனில் இருந்து திருடு போனது. 50 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. ஹோஃப்னர் நிறுவனமே சோதித்துப் பார்த்து, 'இது அதேதான்' என்று உறுதி செய்தது.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: அந்த பேஸை மறுபடி வாசிக்க வேண்டும் என்றால் பழுது பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் மதிப்பு பேசப்பட்ட கிட்டார், கையில் எடுத்ததும் வாசிக்கும் நிலையில் இல்லை!

செகண்ட் ஹேண்ட் பேஸ் வாங்கும் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய கிட்டாரின் விலையை ஏற்றுவது பிராண்ட், வருஷம், கதை. வாசிக்க நல்லா இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான் பணம் போகிறது. அப்படியென்றால் எதைப் பார்க்கணும், எதை எதோடு ஒப்பிடணும்?

இப்போ ஏன் இந்தச் சந்தை கவனிக்கப்படுகிறது?

கொரோனா ஊரடங்கில் வீட்டில் இருந்தவர்கள் கிட்டார் பக்கம் திரும்பினார்கள். 2020-ல் ஃபெண்டர் நிறுவனம் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனையைப் பார்த்தது. ஆர்வத்தில் வாங்கியவர்கள் எல்லோரும் தொடர்ந்து வாசிப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் போனது, கொஞ்ச நாளில் 'விற்பனைக்கு' என்று வருவது வழக்கம்தான். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது நல்ல வாய்ப்பு.

இன்னொரு மாற்றம், சந்தையின் சொந்தக்காரர்கள். பழைய இசைக்கருவிகளுக்கான பெரிய ஆன்லைன் தளமான ரிவெர்ப்பை எட்ஸி நிறுவனம் 2019-ல் 27.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025-ல் அதை கிரியேட்டர் பார்ட்னர்ஸ், சர்வ்கோ கேபிடல் ஆகிய முதலீட்டு நிறுவனங்களிடம் விற்றது. இதில் சர்வ்கோ குழுமம்தான் 2020-ல் ஃபெண்டரின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அதாவது, புது பேஸ் விற்கும் முன்னணி நிறுவனத்தின் முதலாளியே, பழைய பேஸ் விற்கும் முன்னணித் தளத்திலும் பங்குதாரர்.

இதனால் விலை ஏறிவிடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் திரையில் தெரியும் விலையை 'மார்க்கெட் ரேட்' என்று அப்படியே நம்ப வேண்டாம். விற்பவர் கேட்கும் விலை வேறு. அதே மாடல் உண்மையில் விற்றுப்போன விலை வேறு. ஒப்பிட வேண்டியது இரண்டாவதை.

எந்த வகை பேஸ்? முதலில் இதை முடிவு பண்ணுங்க

சாதாரண பேஸுக்கு 4 தந்திகள். கிட்டாரைவிட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸை ஹெட்போனில் தனியாகக் கவனித்தவர்களுக்கு, பாட்டைத் தாங்கிப் பிடிப்பது எது என்று தெரியும். பழைய சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் வகைகள் இவை:

- பிரிசிஷன் பேஸ்: 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டு வந்தது. ஃப்ரெட் இருப்பதால் சுரத்தைத் துல்லியமாகப் பிடிக்கலாம். பெயர்க் காரணமே அதுதான். இன்று பழக்கத்தில் உள்ள இரட்டைத் துண்டு பிக்கப் 1957-ல் வந்தது. கன்ட்ரோல்கள் குறைவு, பழுதும் குறைவு.
- ஜாஸ் பேஸ்: 1960-ல் வந்தது. இரண்டு பிக்கப். நட் பகுதியில் நெக் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர்தான். பிரிசிஷனில் 41-ல் இருந்து 44 மில்லிமீட்டர் வரை இருக்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.
- மியூசிக் மேன் ஸ்டிங்ரே: 1976-ல் வந்தது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளே இருக்கும். இந்த 'ஆக்டிவ்' வகையைப் பார்க்கும்போது பேட்டரி அறையைத் திறந்து அரிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.
- ஐபனீஸ் எஸ்ஆர்: 1987-ல் வந்த வரிசை. ஒல்லியான நெக், சின்ன உடல். மணிக்கணக்கில் நின்று வாசிப்பவர்களுக்கு வசதி.

ஒரு ஜாஸ் பேஸையும் ஒரு ஸ்டிங்ரேயையும் வைத்து 'எது மலிவு?' என்று ஒப்பிடுவது, பைக்கையும் ஸ்கூட்டரையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது மாதிரி. கைக்கும் தோளுக்கும் எந்த வகை சரிப்படும் என்று கடையில் வாசித்துப் பார்த்து முடிவு செய்த பிறகு, அந்த வகைக்குள் ஒப்பிடுங்கள்.

ஏன் நெக் இவ்வளவு முக்கியம்?

34 அங்குல நீளத்தில் முறுக்கிக் கட்டிய 4 தந்திகளின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். இந்த இழுப்பை இரவும் பகலும் தாங்குவது ஒரு மரத்துண்டு. அது வளையாமல் இருக்க உள்ளே 'ட்ரஸ் ராட்' என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது.

பிக்கப் பழுதானால் மாற்றலாம். ஜாக் லூஸ் ஆனால் சால்டர் பண்ணலாம். வால்யூம் கைப்பிடியைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், பெரும்பாலும் க்ளீனர் ஸ்ப்ரே போட்டாலே போதும். நெக் முறுக்கிக்கொண்டால் கதை வேறு. பின்னோக்கியோ முன்னோக்கியோ வளைந்ததை ட்ரஸ் ராட் சரிசெய்யும். முறுக்கியதைச் சாதாரண ட்ரஸ் ராடால் சரிசெய்ய முடியாது. புது நெக் போடும் செலவில் வேறொரு செகண்ட் ஹேண்ட் பேஸே வந்துவிடலாம்.

சோதிப்பது கஷ்டமே இல்லை:

1. பேஸின் உடல் பகுதியைக் கண்ணுக்கு அருகே வைத்து, நெக் நீளத்துக்கும் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒரு ஓரம் மட்டும் ஏறி இறங்கினால், முறுக்கு.
2. தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் அழுத்துங்கள். நடுவில், 7-வது ஃப்ரெட் அருகே, விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மெல்லிய இடைவெளி இருந்தால் சரி. ரொம்ப அதிகமாகவோ, இல்லவே இல்லாமலோ இருந்தால் ட்ரஸ் ராட் திருப்ப வேண்டும்.
3. அப்படியென்றால் அடுத்த கேள்வி: ட்ரஸ் ராட் திரும்புகிறதா? ஏற்கெனவே கடைசி வரை முறுக்கி வைத்திருந்தால், அல்லது நட் தேய்ந்து போயிருந்தால், விட்டுவிடுவது நல்லது. பழைய மாடல்கள் சிலவற்றில் அந்த நட் நெக்கின் அடிப்பகுதியில் இருக்கும். நெக்கைக் கழற்றினால்தான் தெரியும்.
4. ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். எங்கே தந்தி ஃப்ரெட்டில் மோதி அதிர்கிறது, எங்கே சுரம் சட்டென்று அடங்குகிறது என்று கவனியுங்கள். மேல் தந்தியில் 5-ல் இருந்து 7-வது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் சீக்கிரம் அடங்குவது ஃபெண்டர் வகை பேஸ்களில் சகஜம். பல சுரங்கள் அப்படி இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம்: ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் வைத்தால் 'ம்ம்ம்' என்று லேசாக இரைச்சல் வரும். இரண்டையும் முழுசாக வைத்தால் குறையும். அது பழுது இல்லை, அதன் சுபாவம். இதைக் காட்டிப் பேரம் பேசினால் விற்பவர் சிரிப்பார்.

சீரியல் நம்பர் சொன்னா நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். 1965 ஜனவரியில் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் வாங்கியது. அதற்கு முந்தைய கிட்டார்களுக்குச் சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். அதனால் 'எந்த வருஷம்?' என்ற கேள்விக்குப் பண மதிப்பு உண்டு. ஏமாற்றவும் வாய்ப்பு உண்டு.

1976-க்கு முந்தைய ஃபெண்டரில் சீரியல் நம்பர், நெக்கை உடலோடு இணைக்கும் உலோகத் தகட்டில் இருக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அந்தத் தகடு வேறு கிட்டாருக்குப் போய்விடும். நெக்கின் அடியில் எழுதியிருக்கும் தேதியும் நெக் செய்த நாளைத்தான் சொல்லும். முழு கிட்டாரும் என்றைக்குத் தயாரானது என்று சொல்லாது. 1976-க்குப் பிறகு நம்பர் ஹெட்ஸ்டாக்குக்கு மாறியது. அமெரிக்கத் தயாரிப்புகளில் 'இ' என்றால் தோராயமாக 1980-கள், 'என்' என்றால் 1990-கள், 'இசட்' என்றால் 2000-கள். முன்னால் 'எம்' சேர்ந்து 'எம்என்', 'எம்இசட்' என்று வந்தால் மெக்சிகோவில் செய்தது.

இங்கே பயப்பட வேண்டிய அவசியம் இல்லாத ஒன்றும் இருக்கிறது. 'மெக்சிகோ ஃபெண்டரில் ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் இல்லை, டூப்ளிகேட்டா?' என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. 2017 ஜனவரியில் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் எல்லா ரோஸ்வுட் வகைகளுக்கும் கட்டுப்பாடு கொண்டு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டி மரமும் அதில் அடக்கம். உடனே ஃபெண்டர் மெக்சிகோ மாடல்கள் பலவற்றில் பாவ் ஃபெரோ என்ற தென் அமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆக, அந்தக் காலத்து பேஸில் பாவ் ஃபெரோ இருந்தால் அதுதான் ஒரிஜினல்.

பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது. 1992 முதல் அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்து பேஸை வெளிநாட்டில் இருந்து வாங்க நினைப்பவர்கள், அந்த மரம் இருந்தால் அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

விலை + பழுதுச் செலவு = உண்மையான விலை. அவ்வளவுதான் சூத்திரம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரே மாடல், இரண்டு பேர் விற்கிறார்கள். முதல் ஆள் 22,000 ரூபாய் சொல்கிறார். ஃப்ரெட்கள் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கின்றன, பிரிட்ஜ் துரு. இரண்டாவது ஆள் 28,000 சொல்கிறார். பெயின்ட் உரிந்திருக்கிறது, ஆனால் நெக் நேராக இருக்கிறது. ஃப்ரெட் வேலை, புது பிரிட்ஜ், தந்தி, செட்டப் எல்லாம் சேர்த்து கிட்டார் ரிப்பேர் செய்பவர் முதல் பேஸுக்கு 9,000 சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதற்குத் தந்தியும் செட்டப்பும் மட்டும் 2,500. இப்போ 31,000-க்கு எதிராக 30,500. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. ரிப்பேருக்கு அலைவது தனி.

பெயின்ட் உரிவது ஒலியைப் பாதிக்காது. துரு பாதிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருந்த பேஸ் என்றால் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில்களின் குட்டி ஸ்க்ரூக்கள் திரும்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அவை இறுகிவிட்டால் தந்தியின் உயரத்தையும் சுருதியையும் சரிசெய்ய முடியாது.

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதாக இருந்தால் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள். 'வாசித்துப் பார்த்து வாங்கும்' வாய்ப்பே இல்லாமல் போவதும் ஒரு செலவுதான்.

திருட்டுப் பொருளாக இருந்தால்?

மெக்கார்ட்னி மட்டும் இல்லை. பேஸ் மேதை ஜாகோ பாஸ்டோரியஸின் ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் ஒரு பூங்காவில் திருடு போய், 2006-ல்தான் வெளியே வந்தது. சுலபமாகத் தூக்கிச் செல்லக்கூடிய, நல்ல விலை போகும் பொருள் என்பதால் கிட்டார் திருட்டு எங்கும் நடக்கிறது.

இந்தியச் சட்டமும் இதில் தெளிவு. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பதுதான் பொது விதி. நல்லெண்ணத்தில் முழுப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றால் பேஸும் போகலாம், பணமும் போகலாம். அதனால் பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் விற்பவரின் அடையாள அட்டை நகல், சீரியல் நம்பர், தொகை, தேதி போட்ட ஒரு கையெழுத்துத் தாள் வாங்குங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலமோ யுபிஐ மூலமோ அனுப்புங்கள். அதுவே ஒரு ஆதாரம்.

கடைசியாக, நேரில் போகும்போது...

சொந்தக் கேபிள் ஒன்று, சின்ன ஆம்ப் அல்லது ஹெட்போன் ஆம்ப், ட்யூனர் ஆப் உள்ள போன், பேஸ் தெரிந்த ஒரு நண்பர். இந்த நான்கும் போதும். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ட்யூனரில் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பட்டையை மாட்டிக்கொண்டு 10 நிமிடம் நின்று வாசியுங்கள். 4 கிலோவைத் தாண்டும் பேஸ்கள் தோளைப் பேச வைக்கும். 'இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுக்க வர்றார், சீக்கிரம் சொல்லுங்க' என்று விற்பவர் அவசரப்படுத்தினால், கொடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவர், தந்தி உயரமாக நிற்கும் மோசமான நெக்கில் விரல் வலிக்க வாசித்து, 'நமக்கு வராது போல' என்று விட்டுவிடுவதுதான் இந்தச் சந்தையின் பெரிய நஷ்டம். தப்பு அவர் விரலில் இருக்காது. ஒரு விசிட்டிங் கார்டை வைத்துப் பார்த்திருந்தால் வாங்கும்போதே தெரிந்திருக்கும்.