17, 18: டெக்சாஸ் துப்பாக்கிச் சட்டம் குறித்து எங்கள் நிலைப்பாடு

டாலஸ் வட்டாரத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோரின் அமைப்பு எங்களுடையது. துப்பாக்கிச் சட்டம் பற்றி இதுவரை நாங்கள் வாய் திறந்ததில்லை. பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதற்கு அரசியல் என்ற பழைய தயக்கம் ஒன்று. எங்களில் பலர் விசாவில் இருப்பவர்கள், வாக்குரிமை இல்லாதவர்கள் என்பது இன்னொன்று. 2023 மே 6 அன்று ஆலன் நகர அவுட்லெட் மாலில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊருக்குக் கிளம்புமுன் உறவினர்களுக்குக் காலணியும் கைப்பையும் வாங்க நாங்கள் போகிற இடம் அது. இறந்தவர்களில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த பொறியாளர் ஒருவரும் உண்டு. அதற்குப் பிறகு அந்தத் தயக்கங்களைச் சொல்லிக்கொள்ள எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

மால் வாசலில் எட்டுச் சிலுவைகள் நட்டார்கள். பூக்கள் குவிந்தன. தலைவர்கள் பிரார்த்திப்பதாகச் சொன்னார்கள். இரண்டே நாள் கழித்து ஆஸ்டின் சட்டமன்றக் கட்டடத்தில் நடந்ததுதான் எங்களை இந்த அறிக்கை எழுத வைத்தது. அரைத்தானியங்கி ரைபிள் வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்கும் மசோதா பிரதிநிதிகள் அவையின் குழு ஒன்றில் கிடந்தது. யுவால்டி நகரப் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அதற்காக மாதக்கணக்கில் நடையாய் நடந்தவர்கள். மே 8 அன்று குழு 8-5 என்ற கணக்கில் மசோதாவை ஏற்றது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த இருவர்கூட ஆதரித்தார்கள். பெற்றோர் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆனால் அவையின் விவாதப் பட்டியலில் மசோதாவைச் சேர்ப்பதற்கான கெடு மறுநாள் இரவோடு முடிந்தது. அவையில் யாரும் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடிக்க வேண்டிய தேவைகூட வரவில்லை.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் மட்டும் கூடுகிறது. யுவால்டியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டது 2022 மே 24 அன்று. ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டவில்லை. அவை மறுபடி கூடியது 2023 ஜனவரியில். துக்கம் சூடாக இருக்கும்போது 'இது அரசியல் பேசும் நேரமல்ல' என்கிறார்கள். ஆறிய பிறகு கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். ஃப்ளோரிடாவும் துப்பாக்கியைக் கொண்டாடுகிற மாநிலம்தான். அங்கே பார்க்லாண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்ச் 9 அன்று, குடியரசுக் கட்சி ஆளுநரின் கையெழுத்தோடு, துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆனது. அங்கே முடிந்தது மூன்றே வாரத்தில்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: அரைத்தானியங்கி ரைபிள் வாங்கும் வயது 21 ஆக வேண்டும். யுவால்டியில் சுட்டவன் 18 வயது நிரம்பிய சில நாட்களுக்குள் இரண்டு ரைபிள்களைச் சட்டப்படியே வாங்கினான். உரிமம் பெற்ற கடையில் 21 ஆகாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்பது 1968-இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட சட்டம். ரைபிளுக்கு மட்டும் 18 போதும் என்பதன் தர்க்கம் எங்களுக்குப் புரியவில்லை. ஆலனில் சுட்டவனுக்கு வயது 33. இந்த மாற்றம் அவனைத் தடுத்திருக்காது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. எந்தச் சட்டமும் எல்லாச் சாவையும் தடுக்காது என்பதால் ஒன்றையுமே இயற்றாமல் இருப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

இரண்டாவது கோரிக்கையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் குழந்தைக்கு எட்டும்படி அலட்சியமாக வைப்பது டெக்சாஸில் ஏற்கெனவே குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 17 வயது ஆகாதவர். 2018 மே 18 அன்று சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் பத்துப் பேரைக் கொன்ற மாணவனுக்கு வயது 17. அவன் கையிலிருந்த இரண்டு துப்பாக்கிகளும் அப்பாவுடையவை. மகனுக்கு 17 ஆகிவிட்டதால் அந்தச் சட்டம் வீட்டுக்குள் நுழையவே முடியவில்லை. 17-ஐ 18 ஆக்குங்கள் என்கிறோம். இதனால் யாருடைய துப்பாக்கியும் பறிபோகாது. ஒரு பூட்டு கூடுதலாகத் தேவைப்படும்.

ரைபிள்களை அடியோடு தடை செய்வது பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இரவு முழுவதும் கேஸ் ஸ்டேஷன் நடத்தும் உறுப்பினர் கல்லாவுக்கு அடியில் துப்பாக்கி வைத்திருக்கிறார். அவருடைய பயமும் நியாயமானதே. ஆனால் பள்ளியில் ஆயுதம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்ற வாதத்தை நிராகரிப்பதில் எல்லோரும் ஒன்று. யுவால்டியில் 376 காவல் அதிகாரிகள் ஆயுதத்தோடு வந்தார்கள். கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் போய் அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது.

ஒவ்வொரு முறையும் பழியை மனநோயின் மேல் போடுவதையும் எதிர்க்கிறோம். மனநலச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கினால் இரு கை நீட்டி வரவேற்போம். ஆனால் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று மன வருத்தத்தை மூடி மறைக்கிற வீடுகள் நம்முடையவை. கொலைகாரன் என்ற முத்திரையும் சேர்ந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். பூட்டிய அலமாரி முதலில் காப்பாற்றுவது அந்த வீட்டுப் பிள்ளையைத்தான்.

சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறோம், நாய் இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்க மட்டும் நா எழுவதில்லை. எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் அடுத்த பருவச் சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமை பற்றிய கேள்விக்கு அடுத்த வரியில் இதைச் சேர்க்கிறோம். பதில் எழுதுவது கட்டாயமல்ல. பூட்டு வேண்டும் என்பவர்கள் அலுவலகத்தில் கேட்டால் இலவசமாகத் தருகிறோம்.